‘பரதேசி’யும் எங்கள் பாட்டன்மாரும்

சில மாதங்களுக்கு முன்பு எமது பகுதித் தோட்டங்களின் இளைஞர் யுவதிகளுக்காக இரண்டு நாள் தங்கல் பயிற்சியொன்றை நடத்தினோம். ‘எமது வரலாறு’ என்பது தலைப்பு. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலிருந்தும் ஏறக்குறைய நாற்பது பேர் வந்திருந்தார்கள். பகல் முழுவதும் பேச்சும் குழுக் கலந்துரையாடலுமாகப் போனபடியால், இரவில் திரைப்படம் ஒன்றைக் காட்டலாம் என்று முடிவு செய்தோம். படத்தைத் தெரிவு செய்தவன் நான்தான். இயக்குநர் பாலாவின் ‘பரதேசி’. அக்கம்பக்கத்து லயங்களிலிருந்து சில பெரியவர்களும் வந்து பின்வரிசையில் அமர்ந்துகொண்டார்கள்.

படம் முடிந்து விளக்கைப் போட்டபோது எவரும் பேசவில்லை. நான் எதிர்பார்த்ததும் அந்த மௌனத்தைத்தான். பிள்ளைகளின் மனம் கனத்துப் போயிருக்கிறது, இனிக் கலந்துரையாடல் சூடு பிடிக்கும் என்று எண்ணிக்கொண்டேன். முதலில் எழுந்தவன் யட்டியாந்தோட்டைப் பக்கத்திலிருந்து வந்த உயர்தர மாணவன் ஒருவன். “பாதர், எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் இப்படித்தான் ஆடு மாடு மாதிரி இருந்தாங்களா? ஒருத்தர்கூட எதிர்த்து ஒரு வார்த்த கேக்கலையா?” என்றான். கொழும்பில் புடவைக் கடையொன்றில் வேலை செய்யும் பெண்பிள்ளை ஒருத்தி, “இந்தப் படத்தப் பாத்தவங்க யாராச்சும் நீ எந்த ஊருன்னு கேட்டா, தோட்டம்னு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கும்” என்றாள்.

எண்பது வயதை நெருங்கும் பாட்டி ஒருவர், காலமெல்லாம் இறப்பர் பால் வெட்டியவர், படம் பாதியில் இருக்கும்போதே எழுந்துபோய் வெளித் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ஏன் பாட்டி என்று கேட்டேன். “அடிக்கிறதத்தானே சாமி காட்டுறாங்க. அடியெல்லாம் நாங்க பாத்ததுதான். அடி ஆறிப்போயிரும்” என்றார்.

தமது வரலாற்றை அறிந்து தலைநிமிர வேண்டும் என்று அழைத்த பிள்ளைகளை வெட்கத்தோடு திருப்பி அனுப்புகிறேனே என்ற எண்ணம் அன்றிரவு என்னை உறங்க விடவில்லை. அந்த இரவில் எழுந்த கேள்விகளையே வாசகர்களோடு இங்கு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

படமும் பாராட்டும்

‘பரதேசி’ 2013ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்தது. மருத்துவர் பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ரெட் டீ’ என்ற நாவலை அடிப்படையாகக் கொண்டது. அந்த நாவல் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் தமிழுக்கு வந்து பலராலும் வாசிக்கப்பட்டது. நாவல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றியது. படம் 1939ஆம் ஆண்டில், சாலூர் என்ற கிராமத்தில் தொடங்குகிறது. தமுக்கடித்துச் செய்தி சொல்லும் ராசா என்ற அப்பாவி இளைஞனும் அவனுடைய ஊர் மக்களும் கங்காணியின் ஆசை வார்த்தையை நம்பி, நாற்பத்தெட்டு நாட்கள் கால்நடையாக நடந்து தேயிலைத் தோட்டத்திற்குப் போகிறார்கள். போனவர்கள் திரும்பவில்லை. அடி, பட்டினி, கொள்ளைநோய், கடன் என்பவை அவர்களை விழுங்குகின்றன. இறுதியில் ராசா எவளை நினைத்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தானோ, அவளே பிள்ளையோடு அதே தோட்டத்துக்கு வந்து சேர்கிறாள். அவன் பாறையில் அமர்ந்து கதறுகிறான். அத்தோடு படம் முடிகிறது.

இந்தப் படத்துக்குக் கிடைத்த பாராட்டுக்குக் குறைவில்லை. ஆடை வடிவமைப்புக்காகப் பூர்ணிமா ராமசாமி இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றார். பத்திரிகைகள் இதனை உலகத் தரம் என்றன. படம் பார்த்து அழுதேன் என்று எழுதாதவர்கள் குறைவு. எமது மலையகத்திலும் பலர் இதனை ‘எங்கள் கதை’ என்று கொண்டாடினார்கள். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, நானும் அவர்களில் ஒருவன். கூட்டங்களில் எடுத்துச் சொன்னேன். குறுவட்டு வாங்கிப் பிறருக்கும் கொடுத்தேன். எனவே இங்கு நான் எழுதுவது என்னுடைய பழைய தீர்ப்பையும் சேர்த்துத் திருத்தும் முயற்சியே.

படத்தில் நல்லவை உண்டு. செழியனின் ஒளிப்பதிவும் நாஞ்சில்நாடனின் வசனமும் கிராமத்துப் பகுதியைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகின்றன. தமிழ்ச் சினிமாவில் மேக்கப்பூச்சு இல்லாத ஏழைகளின் உடலைக் காண்பதே அரிது. அது இங்கு காணக் கிடைக்கிறது. ஒரு காட்சி என்னை இன்றும் விட்டகலவில்லை. வருட முடிவில் கூலி பெறுவதற்குத் தொழிலாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள். முன்பணம், கடைப் பற்று, அது, இது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகிறார்கள். வருடம் முழுவதும் உழைத்தவனுக்கு மிஞ்சுவது கடன்தான். அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஒருவர் வாசிக்கிறார், மற்றவர் கேட்கிறார். படத்திலேயே மிகக் கொடூரமான காட்சி அதுதான்.

ஆனால் இயக்குநர் அந்த இடத்தில் நிற்கவில்லை. அவருக்கு அடி வேண்டியிருக்கிறது. படம் வெளிவருவதற்கு முன்பு செய்யப்பட்ட விளம்பரத்திலேயே இது தெரிந்தது. இயக்குநர் தடியால் நடிகர்களை அடித்து நடித்துக் காட்டும் காட்சித் துண்டொன்றை வெளியிட்டார்கள். சர்ச்சை எழுந்தபோது அது பொய்த் தடிதான் என்று விளக்கம் சொன்னார்கள். நான் அதை நம்புகிறேன். என் கேள்வி வேறு. தோட்டத் தொழிலாளியின் வாழ்வைச் சொல்லும் படத்துக்கு ஆட்களைக் கூப்பிட அடியைத்தான் கடைச் சரக்காக முன்னால் தொங்கவிட வேண்டுமா?

கத்தியும் சட்டமும்

ராசா தப்பியோட முயல்கிறான். பிடிபடுகிறான். அவனுடைய கால் நரம்பை வெட்டிவிடுகிறார்கள். பார்க்கும் எவரும் கண்ணை மூடிக்கொள்ளும் காட்சி அது. எமது நாட்டுத் தோட்டங்களிலும் அடி உதை இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஓட நினைத்தவனின் காலைக் கட்டிப்போட இலங்கையில் கத்தி தேவைப்படவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. உரிய முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போகும் தொழிலாளி அச்சட்டத்தின் கீழ்க் குற்றவாளி. பொலிஸ் அவனைப் பிடிக்கலாம், நீதிமன்றம் அவனைச் சிறையில் இடலாம். வேலை ஒப்பந்தத்தை மீறுவது குற்றம் என்ற இந்த ஏற்பாடு 1920களின் தொடக்கம் வரையில் நீடித்தது.

முன்னறிவித்தல் கொடுத்துப் போகலாமே என்று கேட்கலாம். அங்கேதான் ‘துண்டு’ வருகிறது. தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவன் பேரிலும் அவனுடைய கூட்டத்தின் பேரிலும் உள்ள கடன் இவ்வளவு, அதைக் கட்டுபவரிடம் இவர்களை விட்டுவிடுகிறோம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய துரை அந்தத் தொகையைக் கட்டுவார். கட்டிய தொகை அப்படியே புதிய தோட்டத்தின் கணக்கில் கடனாக ஏறும். ஆள் இடம் மாறுவான், கடன் மாறாது. பல சமயங்களில் மாற்றத்தோடு சேர்ந்து அது வளரவும் செய்யும். மனிதரை ஒரு காகிதத் துண்டில் எழுதிக் கைமாற்றிய இந்த வழக்கம் 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து வருபவர்களின் கழுத்தில் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டு தொங்கியது. அதையே எமது பெரியவர்கள் ‘டின் டிக்கட்’ என்றார்கள்.

இவற்றை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடிக்கும் கையை மட்டும் காட்டினால், பார்ப்பவர் அந்தக் கையை வெறுப்பார். அந்தத் துரையும் இன்று இல்லை, அந்தக் கங்காணியும் இல்லை. ஆகவே திரை இருண்டதும் அந்த வெறுப்புக்கும் வேலையில்லாமல் போய்விடும். கணக்கைக் காட்டினால், வீட்டுக்குப் போனதும் தன்னுடைய சம்பளத் துண்டை எடுத்துப் பார்க்கத் தோன்றும். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபா என்றும், 2024இல் 1350 ரூபா என்றும் அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகையைக் கேட்டு வெளியார் மகிழ்ந்தார்கள். எத்தனை கிலோ கொழுந்து பறித்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், மாதத்தில் எத்தனை நாள் வேலை, முற்பணமும் சந்தாவும் கழிந்தபின் கையில் வருவது எவ்வளவு என்பதை லயத்தில் இருப்பவர்தான் அறிவார். பாட்டனின் துண்டையும் பேரனின் சம்பளத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் விழிப்புணர்வு வந்தால், அதுவே பயிற்சியின் பயன்.

பிரேசில் நாட்டின் பேராயர் ஹெல்டர் கமாரா வன்முறை ஒரு சுழல் என்றார். அவருடைய கணிப்பில் முதலாவது வன்முறை அநீதியே. சத்தமில்லாமல், சட்டத்தின் துணையோடு நடப்பது அது. அதனை எதிர்த்து எழும் கிளர்ச்சி இரண்டாவது. கிளர்ச்சியை அடக்க வரும் ஒடுக்குமுறை மூன்றாவது. ‘பரதேசி’ அடக்குமுறையின் பிரம்பைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து காட்டுகிறது. முதலாவது வன்முறையை ஒரே ஒரு காட்சியில் தொட்டுவிட்டுப் போகிறது. இரண்டாவதைக் காட்டவே இல்லை.

கங்காணி யார்?

படத்தின் கங்காணி பல்லைக் காட்டிச் சிரித்து ஏமாற்றும் வெளியூர்க்காரன். வில்லனை அப்படிக் காட்டுவது சினிமாவுக்கு இலகு. எமது வரலாற்றில் கங்காணி பெரும்பாலும் வெளியாள் அல்லன். சில்லறைக் கங்காணி என்பவர் அநேகமாக மாமன், பெரியப்பன், பங்காளி. குறைந்தபட்சம் அதே ஊர்க்காரர், அதே சாதிக்காரர். பெரிய கங்காணி அவர்களுக்கு மேலே. ஆள் வேலைக்கு வந்தால் தலைக்கு இத்தனை சதம் என்று கங்காணிக்குத் தோட்டம் கொடுத்தது. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கடன் கொடுத்தவரும் அவரே, நோயில் விழுந்தால் துரையிடம் போய்ப் பேசியவரும் அவரே, பெரட்டுக்களத்தில் அதட்டியவரும் அவரே. தன் சொந்தக்காரனிடம் பட்ட கடனை எதிர்த்து எப்படிப் போராடுவது? இந்தச் சிக்கலில்தான் எமது பாட்டன்மார் தலைமுறை தலைமுறையாக மாட்டிக்கொண்டார்கள்.

இந்தச் சிக்கல் எமக்கு இன்றும் பாடம். எங்கள் தோட்டங்களிலிருந்து வீட்டு வேலைக்கென்று பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப் போகும் தரகர் எங்கிருந்தோ வருபவர் அல்லர். அநேகமாக அத்தை முறையோ சித்தி முறையோ சொல்லிக்கொண்டு வருபவர்தான். கொடியவன் கொடியவனாகவே முகத்தைக் காட்டி வருவான் என்று நம்பும் பிள்ளை எளிதில் ஏமாறும்.

1939இல் நடந்தவை

அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறேன். ஒருவர்கூட எதிர்த்துக் கேட்கவில்லையா?

படம் தெரிந்தெடுத்த ஆண்டு 1939. அந்த ஆண்டில் இலங்கைத் தோட்டங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது? பயிற்சிசாராத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு அவ்வருடம் ஆகஸ்ட் மாதம் தடை செய்தது. அதற்குச் சற்று முன், ஜூலையில், நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. அடுத்தடுத்த மாதங்களில் தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தங்கள் பரவின. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதற் தியாகி என்று இன்றும் அவரை நினைவுகூருகிறோம். அவருடைய சாவைப் பற்றி விசாரிக்க ஆணைக்குழு அமைக்கவேண்டிய நிலை அரசாங்கத்துக்கு ஏற்பட்டது.

அதற்கும் முன்னர் கோ. நடேசையர் இருந்தார். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரியாக உள்ளே நுழைந்து நிலைமையைக் கண்டறிந்தவர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். எழுத்தறியாத மக்களிடம் அரசியலைப் பாட்டாகக் கொண்டுபோன பெண் ஒருவர் எமக்கு இருந்தார் என்பதை அந்த நாற்பது பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர் என்று மறுநாள் காலை கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை.

படம் இலங்கையைப் பற்றியது அல்லவே என்று வாசகர் கேட்பது நியாயம். ஆனைமலையிலும் மக்கள் என்றென்றும் குனிந்தே கிடக்கவில்லை. அங்கும் சங்கம் வந்தது. அதை அமைக்க உழைத்தவர்களில் ஒருவர் வேறு யாருமல்லர், நாவலை எழுதிய டேனியல்தான். தன் நூலின் ஆசிரியர் செய்த வேலையையே படம் மறந்துவிட்டது. அதன் மனிதர்கள் அழுகிறார்கள், கெஞ்சுகிறார்கள், ஓடுகிறார்கள், சாகிறார்கள். கூடிப் பேசுவதில்லை. ஒரு மனிதக் கூட்டத்தைப் பற்றி இதைவிடக் குறைவாக மதிப்பிட முடியாது. உடலில் விழும் அடியைக் காட்டிலும் இதுவே பெரிய அடி என்பது என் எண்ணம். அந்தப் பெண்பிள்ளையின் வெட்கம் அந்த அடியின் தழும்பு.

காணாமற்போன வைத்தியர்

அடுத்துச் சொல்லப்போவதில் நான் ஒரு குருவானவன் என்பதை வாசகர் மனதில் வைத்துக்கொள்ளட்டும். என் சொல்லைச் சற்றுச் சந்தேகத்தோடே எடுத்துக்கொண்டாலும் குற்றமில்லை.

படத்தில் கொள்ளைநோயின்போது ஒரு வைத்தியர் வருகிறார். வெள்ளைக்கார மனைவியோடு ஆடிப்பாடி, நோயில் கிடக்கும் மக்களை மதம் மாற்றுகிறார். அவரை ஒரு கேலிச் சித்திரமாகத்தான் காட்டுகிறார்கள். திருச்சபையைக் கேலி செய்யலாமா என்று கோபப்படுவது எனக்கு முறையல்ல. மதகுருமார் துரையின் பங்களாவில் தேநீர் அருந்திவிட்டு லயத்தில் வந்து பொறுமையைப் போதித்ததுண்டு. பசியை வாய்ப்பாக எடுத்துக்கொண்ட மிஷனரிமாரும் உண்டு. திருச்சபை இதனை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கூர்மையாகக் குற்றம் சாட்டும் ஒரு படம் வந்தால் முதலில் வரவேற்பேன்.

என் குறை வேறு. நாவலில் ஆபிரகாம் என்ற வைத்தியர் வருகிறார். தொழிலாளர் ஏன் இப்படிக் கூட்டம் கூட்டமாகச் சாகிறார்கள் என்று கேட்பவர், சுகாதாரத்துக்காகவும் மனித நடத்தைக்காகவும் நிர்வாகத்தோடு மோதுபவர். அதை எழுதிய டேனியலும் 1940கள் முதல் அந்தத் தோட்டங்களில் வைத்தியராக இருந்து, வயோதிபர்கள் வாயால் கேட்டவற்றை எழுதி வைத்தவர். சாட்சி சொன்ன மனிதரின் நூலை எடுத்துக்கொண்டு, அந்தச் சாட்சியை நீக்கிவிட்டு, அதே இடத்தில் ஒரு கோமாளியை நிறுத்துவது எவ்வகையில் நியாயம்? இதில் இழப்பு கிறிஸ்தவர்களுக்கு அல்ல. படித்த ஒருவன், சம்பளம் கொடுக்கும் கம்பெனியின் பக்கம் நிற்காமல் தொழிலாளியின் பக்கம் நிற்க முடியும் என்ற உண்மையே அங்கே அழிந்துபோகிறது. எங்கள் தோட்டங்களிலிருந்து இன்று பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு, ஆசிரியராகவும் குடும்பநல உத்தியோகத்தராகவும் திரும்பி வரும் பிள்ளைக்கு, அந்த உண்மைதான் மிகவும் தேவை.

ஆறாதது எது?

திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் திரும்பிப் போவோம். அடி ஆறிப்போயிரும் என்றாரே, ஆறாதது எது என்று மறுநாள் அவரிடம் கேட்டேன்.

சப்ரகமுவத் தோட்டங்கள் நுவரெலியாவைப் போன்று மலை மலையாகத் தொடர்ந்து கிடப்பவை அல்ல. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவுகள் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடப்பவை. அதனால் நல்ல காலத்தில் அயலவரோடு கொடுக்கல் வாங்கல், கல்யாணம் காட்சி எல்லாம் உண்டு. கெட்ட காலத்தில் ஓடி ஒளிய இடமில்லை. 1977இலும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தின் கஹவத்தை முதலிய இடங்களிலும், மீண்டும் 1983 ஜூலையிலும் லயங்கள் எரிக்கப்பட்டன. பல குடும்பங்கள் எல்லாவற்றையும் விட்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறின. போர் அங்கும் அவர்களைத் தொடர்ந்து சென்றது.

1981இல் பாட்டி மூன்று பிள்ளைகளோடு இரண்டு இரவுகள் இறப்பர் காட்டுக்குள் ஒளிந்திருந்தார். கீழ்க்கிராமத்துச் சிங்களப் பெண் ஒருவர், தினமும் கிணற்றடியில் காண்பவர், அவித்த பலாக்காயைச் சட்டியோடு கொண்டுவந்து கொடுத்தாராம். எரித்தவர்களில் அந்தப் பெண்ணின் உறவுக்காரர் ஒருவரும் இருந்தாராம். இரண்டையும் பாட்டி ஒரே குரலில்தான் சொன்னார்.

“வீடு எரிஞ்சுச்சு, ஆடு ரெண்டு போச்சு. அதெல்லாம் திரும்ப வாங்கிட்டோம் சாமி. சின்னவன் பொறந்த பத்திரம் அந்தப் பெட்டியில இருந்துச்சு. அது எரிஞ்சதுதான் போச்சு” என்றார். பத்திரம் இல்லாமல் அந்த மகன் அடையாள அட்டைக்கு அலைந்த வருடங்களை விரல் மடித்து எண்ணிக் காட்டினார். பள்ளிக்கூடம், கந்தோர், மீண்டும் கந்தோர் என்று எழுத்துக்கும் கையெழுத்துக்கும் அலைச்சல். அட்டை கைக்கு வந்தபோது, வேலைக்குச் சேரும் வயது கடந்துவிட்டது.

காகிதத்தால் வந்த இந்தத் துன்பம் எமது மக்களுக்குப் புதியதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயக் காம்பராவில் பிறந்தவரிடம் அது எங்கே இருக்கும்? 1964இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எமது குடும்பங்களைப் பங்கு போட்டது. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் வருவதற்கு 2003ஆம் ஆண்டு ஆயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்த இந்த வன்முறையில் பிரம்பு கிடையாது, இரத்தம் கிடையாது. படம் எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பீர்கள். பாட்டி பார்ப்பார். எழுந்து போகமாட்டார்.

இனி என்ன செய்யலாம்?

படத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பாருங்கள். ஆனால் கண்ணீர் வந்தது என்பதற்காக உண்மை வந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். குழுக்களில் காட்டுவோர் பின்வரும் மூன்றையும் செய்யலாம் என்பது என் அனுபவத்தில் பிறந்த யோசனை.

முதலாவது, கூலி கணக்குப் பார்க்கும் காட்சியில் படத்தை நிறுத்துங்கள். பிள்ளைகளைத் தம் வீட்டுச் சம்பளத் துண்டைக் கொண்டுவரச் சொல்லி, அதில் உள்ள ஒவ்வொரு கழிவையும் கரும்பலகையில் எழுதி, ஏன், யாருக்கு என்று கேளுங்கள். இரண்டாவது, படத்தோடு சேர்த்து நூல்களையும் கொடுங்கள். ‘எரியும் பனிக்காடு’ இருக்கிறது. எம்மவரில் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ இருக்கிறது, சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துகள் இருக்கின்றன. மூன்றாவதும் முக்கியமானதும், திண்ணையில் இருக்கும் பெரியவர்களிடம் பிள்ளைகளை அனுப்புங்கள். 1977ஐயும் 1981ஐயும் கண்ணால் கண்டவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகிறார்கள். கையில் உள்ள தொலைபேசியிலேயே அவர்களுடைய குரலைப் பதிவு செய்யலாம். அதற்குப் பெரிய செலவு இல்லை.

2023இல் மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை முன்னிட்டு, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் முடிந்தது. முன்னோர் கடன்பட்டு நடந்த திசையில், பேரப்பிள்ளைகள் உரிமை கேட்டு நடந்தார்கள். அதே நடை, ஆனால் யாரும் அவர்களை ஓட்டிக்கொண்டு போகவில்லை. ‘பரதேசி’யின் நடையைப் பார்த்த பிள்ளைகள் இந்த நடையையும் அறிய வேண்டும்.

விவிலியத்தில் விடுதலைப் பயண நூல் அடிமைகளின் கதையைத்தான் சொல்கிறது. அங்கும் மேற்பார்வையாளர்கள் உண்டு, அடி உண்டு. ஆனால் அந்நூல் தினமும் எத்தனை செங்கல் என்ற கணக்கைச் சொல்கிறது. வைக்கோலை நிறுத்திவிட்டு அதே கணக்கைக் கேட்டார்கள் என்றும் சொல்கிறது. அதற்கும் முன்னால், அரசனின் கொலைக் கட்டளைக்குக் கீழ்ப்படியாத இரண்டு மருத்துவச்சிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சிப்ரா, பூவா என்பவை அவர்களுடைய பெயர்கள். பார்வோனின் பெயரை அது எங்கும் சொல்லவில்லை.

பயிற்சி முடிந்து புறப்படும்போது அந்த மாணவன் என்னிடம் வந்து, முல்லோயாவுக்கு எப்படிப் போவது, பஸ் எங்கே பிடிப்பது என்று கேட்டான். கண்டிக்குப் போய் அங்கிருந்து ஹேவாஹெட்டைப் பக்கம் போக வேண்டும் என்றேன். அடுத்த விடுமுறையில் பத்துப் பேராவது சேர்ந்து போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டியையும் கூட்டிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். இவ்வளவு தூரம் பஸ்ஸில் வர அவருக்கு உடம்பு இடம் கொடுக்க வேண்டும்.